பார்லிமெண்டுக் கேள்விகளும் கிராமக் கணக்குகளும்

சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் செல்பவர்கள், சோளமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசற்புன்செய்களின் நடுவே, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பெற்ற சிறு அறைகளை வரிசையாகக் காண்பார்கள். இவை பட்டாசுத் தொழிற்சாலைகள். விருதுநகர் ஜில்லாவில் வானம் பார்த்த பூமியை உழுபவரும், பட்டாசு அறையில் மருந்து செலுத்துபவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாயிருப்பது சகஜம். ஆகையால், இந்த ஜில்லாவைக் குறித்து டில்லியில் எழுப்பப்படும் கேள்வி எந்த இலாகாவைப் பற்றியதாயினும், அதற்குக் கிடைக்கும் பதிலின் நன்மையும் தீமையும் கடைசியில் கிராமத்தையே வந்து சேருகின்றன. அவ்விதமிருந்தும், பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவர் மந்திரிகளிடம் எழுத்து மூலமாய்க் கேட்கும் கேள்வி எவ்வாறு பிறக்கிறது, அதற்குரிய பதில் எங்கிருந்து சேகரிக்கப்படுகிறது என்பவற்றை அறிந்தோர் கிராமங்களில் சிலரேயாவர்.

இந்தியாவில் சட்டசபை அங்கத்தினர்கள் சர்க்காரைக் கேள்வி கேட்கும் உரிமை 1892ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டத்தினால் முதன்முதலாக ஏற்பட்டது. அவ்வுரிமையைக் கொண்டு 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி பிங்கா ராஜா கேட்ட முதற்கேள்வி, இன்றைய கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் சுவையளிக்கத் தக்கது. சுற்றுப்பிரயாணம் வரும் துரைமார்களின் முகாம்களுக்குச் சாமான்கள் சேகரித்துக் கொடுக்கும் வழக்கத்தினால் கிராமக் கடைக்காரர்கள் அடையும் துன்பத்தைப் பற்றியதே அக்கேள்வி. ராஜ்யங்களையோ யுத்தங்களையோ பற்றிக் கேளாமல், அரிசிக்கும் நெய்க்கும் விறகுக்கும் பணம் கிடையாத கிராமத்துக் கடைக்காரனைப் பற்றிக் கேட்டது கவனிக்கத் தக்கது. பதிலைக் கேட்டபின் அதன்மேல் துணைக்கேள்வி போடும் உரிமை 1909ஆம் ஆண்டில் வந்தது. இவ்வுரிமையைக் கையாளுவதில் பெரும் புகழ் பெற்றவர் காமராஜரின் அரசியல் ஆசானாகிய ஸ்ரீ எஸ். சத்தியமூர்த்தி. பழைய மத்திய சட்டசபையில் அவரைச் சிலர் 'துணைக்கேள்வி சத்தியமூர்த்தி' என்றே அழைத்தனர்.

இப்பொழுது லோக்சபையில் கேள்விகள் இரு பிரதான வகைப்படும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி சபையிலேயே வாய்மொழியாக விடை கூறுவார், துணைக்கேள்விகளுக்கும் இடமுண்டு. இவை ஒரு நாளைக்கு 20க்கு மேற்படா. நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு எழுத்து மூலமான பதில் சபையின் மேஜைமேல் வைக்கப்படும், துணைக்கேள்வி கிடையாது. இவை ஒரு நாளைக்கு 230 வரை அனுமதிக்கப்படுகின்றன. பார்வைக்கு முதல் வகையே பெரிதாகத் தோன்றினும், ஒரு ஜில்லாவின் காரியத்துக்கு இரண்டாம் வகையே மிகுதியும் பயன்படுவது. 20 வாய்மொழிக் கேள்விகளிலும் ஒரு மணி நேரத்துக்குள் சபையில் எடுத்துக்கொள்ளப்படுபவை சிலவே. எழுத்து மூலமான பதிலோ புள்ளிவிவர அட்டவணையுடன் வரும். அச்சில் நிலைத்து நிற்கும். பிற்காலத்தில் எவரும் எடுத்துக் காட்டலாம். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கொரோனா நோயின் காரணமாகக் கேள்வி நேரமே நிறுத்தப்பட்ட கூட்டத்தொடரிலும், எழுத்து மூலமான கேள்விகள் நிற்கவில்லை.

கேள்விக்குரிய விதிகள் சற்றுக் கடுமையானவை. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கேள்வி 150 வார்த்தைகளுக்கு மேற்படலாகாது. மந்திரியின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது, செய்தியைத்தான் கேட்கலாம். மத்திய சர்க்காரின் பொறுப்புக்கு உட்படாத விஷயத்தையும், நியாயஸ்தலத்தின் விசாரணையிலுள்ள விஷயத்தையும் கேட்க முடியாது. வந்து சேரும் அறிவிப்புகள் மிக அதிகமாதலால் சீட்டுக் குலுக்கி முன்னுரிமை நிர்ணயிக்கிறார்கள். நல்ல கேள்வியும் சில சமயம் குலுக்கலில் தவறிவிடும். அதற்காக அங்கத்தினரைக் குறை கூறுவது நியாயமன்று.

எந்தக் கிராமம் எந்த அங்கத்தினரைச் சேர்ந்தது என்பதிலும் குழப்பம் உண்டு. முன்னிருந்த சிவகாசித் தொகுதி நீக்கப்பட்டு, 2009ஆம் ஆண்டுத் தேர்தலில் விருதுநகர்த் தொகுதி ஏற்பட்டது. திருப்பரங்குன்றம், திருமங்கலம், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய ஆறு சட்டசபைத் தொகுதிகள் அதில் அடங்கும். இவற்றுள் முதலிரண்டும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தவை. ஜில்லாவுக்குள்ளேயே இருக்கும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசித் தொகுதியிலும், திருச்சுழி இராமநாதபுரம் தொகுதியிலும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. விருதுநகர்த் தொகுதியிலிருந்து 2009, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் திரு. மாணிக்கம் தாகூரும், 2014ஆம் ஆண்டில் திரு. டி. ராதாகிருஷ்ணனும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரே ஜில்லாவின் துயரத்தை மூன்று அங்கத்தினர்கள் தனித்தனியே கேட்க இடமிருப்பது ஒருவகையில் அனுகூலமே.

இனி, கேள்வியை எந்த மந்திரியிடம் கேட்பது என்பதே காரியத்தின் பாதி. அச்சங்குளத்தில் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி நிகழ்ந்த பட்டாசுத் தொழிற்சாலை விபத்தை உதாரணமாகக் கொள்ளலாம். இருபது பேருக்குக் குறையாமல் அதில் மாண்டனர். பிரதம மந்திரியின் நிவாரண நிதியிலிருந்து குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாயும், மாநில சர்க்காரால் மூன்று லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன. இத்தகைய விபத்தைக் குறித்து, "சர்க்கார் என்ன நடவடிக்கை எடுத்தது?" என்று ஒரே வாக்கியத்தில் உள்நாட்டு மந்திரியைக் கேட்டால் பயனுள்ள விடை கிடைப்பது அரிது. வெடிபொருள் மத்திய சர்க்காரின் அதிகாரத்துக்கு உட்பட்டதேயாயினும், 1884ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2008ஆம் ஆண்டு விதிகளையும் நிர்வகிக்கும் வெடிபொருள் பாதுகாப்பு ஸ்தாபனம் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டது. அது வர்த்தக, கைத்தொழில் மந்திரியின் இலாகாவைச் சேர்ந்தது. ஆகவே லைசென்ஸ், சோதனை, லைசென்ஸ் ரத்து ஆகியவற்றை அவரிடமே கேட்க வேண்டும். தொழிலாளரின் இன்ஷூரன்ஸையும் ஈ.எஸ்.ஐ. வைத்திய உதவியையும் பற்றித் தொழிலாளர் மந்திரியிடம் கேட்க வேண்டும். தொழிற்சாலைச் சோதகர்களோ மாநில சர்க்காரின் சிப்பந்திகள். அவர்களைப் பற்றிய கேள்வி சென்னைச் சட்டசபைக்கு உரியது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு சமயத்தில் 15 கிலோவுக்கு மேற்படாத மருந்தை வைத்துச் செய்யும் சிறு தொழிற்சாலைக்கு ஜில்லா அதிகாரியே லைசென்ஸ் கொடுக்கிறார். இதைச் சிவகாசிப் பக்கத்தில் 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்பர். பெரிய தொழிற்சாலைகளுக்கு வெடிபொருள் ஸ்தாபனம் அளிப்பவை 'சென்னை லைசென்ஸ்' என்றும் 'நாகபுரி லைசென்ஸ்' என்றும் வழங்கும். விபத்து எந்த லைசென்ஸில் நடந்தது என்று விசாரியாமல் கேட்டால், டில்லி மாநிலத்தையும் மாநிலம் டில்லியையும் சுட்டிக்காட்டி விடை கூறிவிடுவது எளிதாகிவிடும். லைசென்ஸ் பெற்றவர் அறைகளை உட்குத்தகைக்கு விடுவது விபத்துகளுக்குப் பெருங்காரணமென்று பலமுறை கூறப்பட்டிருப்பதால், அதைத் தனிப் பகுதியாகப் பிரித்துக் கேட்பதே தகும்.

பேரியம் உப்பையும் சரவெடியையும் பற்றிக் கேட்கும்போது வேறொரு தடை குறுக்கிடும். 2018ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நியாயஸ்தலம் இவ்விரண்டையும் தடை செய்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. 2021ஆம் ஆண்டு அக்டோபரிலும் அத்தடையை வலியுறுத்திற்று. தடை நியாயமா, அநியாயமா என்று மந்திரியைக் கேட்க விதி இடந்தராது. ஆனால், நாகபுரியிலுள்ள சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையம் வகுத்த பசுமைப் பட்டாசு முறையை எத்தனை உற்பத்தியாளர் கற்றுக்கொண்டனர், பயிற்சிக்கு எவ்வளவு செலவாயிற்று என்று விஞ்ஞான இலாகா மந்திரியைக் கேட்கத் தடையில்லை.

பருத்தி பயிரிடுவோரும் இந்த இலாகா வேற்றுமையை அறிந்திருத்தல் நலம். பருத்தியின் குறைந்தபட்ச ஆதரவு விலையைச் சிபார்சு செய்யும் கமிஷன் விவசாய மந்திரியின்கீழ் உள்ளது. அவ்விலைக்குக் கொள்முதல் செய்யும் இந்தியப் பருத்திக் கழகமோ ஜவுளி மந்திரியின்கீழ் உள்ளது. கொள்முதல் நிலையம் திறக்கவில்லையென்று விவசாய மந்திரியைக் கேட்பது, கதவு மாறித் தட்டுவதாகும். தீப்பெட்டித் தொழிலைப் பாதித்த மலிவான சிகரெட் லைட்டர்களின் இறக்குமதி, ஒன்றின் விலை 20 ரூபாய்க்குக் குறைவாயிருந்தால் கூடாதென்று 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தடுக்கப்பட்டது. அவ்வுத்தரவைப் பிறப்பித்ததும் வர்த்தக இலாகாவே.

கேள்வி அனுமதிக்கப்பட்டபின் நடப்பதுதான் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு முக்கியமானது. மந்திரி தாமாகவே எல்லாம் அறிந்து விடை கூறுவதில்லை. ஜில்லாவைப் பற்றிய புள்ளி தம் இலாகாவில் இல்லாதபோது, இலாகா மாநில சர்க்காருக்கு எழுதும். அங்கிருந்து கலெக்டருக்கும், கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கும், தாசில்தாரிடமிருந்து கிராமத்துக்கும் தாக்கீது இறங்கும். கால அவகாசமோ சில நாட்களே. 1980ஆம் ஆண்டில் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டபின் அவ்வேலையை ஏற்ற கிராம நிர்வாக உத்தியோகஸ்தர், தம் இரண்டாம் எண் கணக்காகிய அடங்கலைப் பார்த்து எழுதும் எண்ணே, மேலே ஏறி, பிர்க்காவோடு பிர்க்கா கூட்டப்பட்டு, மந்திரியின் அட்டவணையில் அமர்கிறது. மக்காச்சோளம் நின்ற ஸர்வே நம்பருக்குப் புலத்தைப் பாராமல் சென்ற பசலியின் பயிரையே எழுதியிருந்தால், அத்தவறு டில்லி வரையில் செல்லும். அங்கே அச்சேறியபின் அதைத் திருத்துவது மிகக் கஷ்டம்.

பயிர் இன்ஷூரன்ஸில் இதன் பலன் கண்கூடு. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில் உணவு தானியங்களுக்கும் எண்ணெய் வித்துக்களுக்கும் விவசாயி செலுத்தும் கட்டணம் காரீப் பருவத்தில் 2 சதவிகிதம், ரபி பருவத்தில் ஒன்றரைச் சதவிகிதம். வருஷாந்தர வாணிபப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 5 சதவிகிதம். நஷ்டம் பெரும்பாலும் தனிப்பட்ட வயலைக் கொண்டு அல்லாமல், அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்க்காவில் நடத்தும் அறுவடைப் பரிசோதனையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. "எங்கள் ஊருக்கு ஏன் பணம் வரவில்லை?" என்று கேட்க விரும்பும் அங்கத்தினர், எந்தப் பருவம், எந்தப் பயிர், எத்தனை பேர் கட்டணம் செலுத்தினர், எத்தனை பேருக்குப் பணம் பாக்கி, காரணம் என்ன என்று ஜில்லாவாரியாகவும் வருஷவாரியாகவும் கேட்பது அவசியம். 'ஜில்லாவாரியாக' என்னும் ஒரு சொல் விடுபட்டால், தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே தொகை அட்டவணையில் வந்து சேரும். வெம்பக்கோட்டைக் குடியானவருக்கு அதனால் ஒரு பயனும் இராது.

கணக்கில் ஏறாத துன்பத்துக்கு விடையில்லை என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி, ஊரடங்கின்போது சொந்த ஊர் திரும்புகையில் மாண்ட தொழிலாளரின் தொகையை அங்கத்தினர்கள் சிலர் கேட்டதற்கு, அத்தகைய புள்ளிவிவரம் வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் இலாகா எழுத்து மூலம் பதிலளித்தது. 2021ஆம் ஆண்டில், டில்லியைச் சுற்றி நிகழ்ந்த விவசாயிகள் கிளர்ச்சியில் மாண்டோரைப் பற்றிக் கேட்டபோது, தன்னிடம் அதற்கான பதிவு இல்லை, ஆகவே உதவித்தொகை என்னும் கேள்வி எழவில்லை என்று விவசாய இலாகா கூறியது. இவ்விடைகள் நாடெங்கும் கண்டனத்துக்குள்ளாயின. எனினும், பதிவு இல்லை என்ற உண்மையையே அச்சில் வெளிப்படுத்தியதால் அக்கேள்விகள் வீணாயின என்று சொல்வதற்கில்லை.

பதில் வந்தபின் அதைப் படிப்பதிலும் பழக்கம் வேண்டும். கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என நான்கு பகுதியாயிருக்க, விடை "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒரே பத்தியாய் வருவதுண்டு. அங்கே எந்தப் பகுதி நழுவவிடப்பட்டது என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். "விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது, சபையின் மேஜைமேல் வைக்கப்படும்" என்று வந்தால் ஏமாற்றமடைய வேண்டியதில்லை, அது வாக்குறுதியாகக் கணக்கிடப்படும். 1953ஆம் ஆண்டில் ஏற்பட்ட சர்க்கார் வாக்குறுதிகள் கமிட்டி அதைக் குறித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றும்படி கேட்கும். தவணை நீட்டிப்புகளால் ஆண்டுக்கணக்கில் இழுபட்டவையும் உண்டு. ஆயினும் அது தானாக மறைந்துவிடாது. பொது முக்கியத்துவமுள்ள பதில் திருப்தியளிக்காவிடில், அதன்மேல் அரைமணி நேர விவாதம் கோரவும் அங்கத்தினருக்கு வழியுண்டு.

அங்கத்தினருக்கு மனுச் செய்ய விரும்பும் கிராமத்தார், ஒரு மனுவில் ஒரே விஷயத்தை எழுதுதல் வேண்டும். பட்டாசுத் தொழிற்சாலைக்கு அடுத்த புன்செய்க்காரராயின், தம் நிலத்தின் ஸர்வே நம்பர், கிணறு, மோட்டார் அறை ஆகியவற்றுக்கும் தொழிற்சாலை எல்லைக்கும் உள்ள தூரம், லைசென்ஸுக்குமுன் வருவாய் இலாகா நடத்திய ஆட்சேபணை விசாரணையின் தேதி, அப்போது தாம் எழுதிக் கொடுத்ததன் நகல் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புவது நலம். பார்லிமெண்டு சாதாரணமாக ஆண்டுக்கு மூன்று முறை, பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று கூடுகிறது. கூட்டத்தொடர் தொடங்கியபின் அனுப்பும் மனு, 15 நாள் அறிவிப்பு விதியினால் பெரும்பாலும் அத்தொடருக்கு உதவாது. கூட்டம் கூடும் தேதி பத்திரிகைகளில் வெளியானவுடனேயே அங்கத்தினரின் காரியாலயத்தில் சேர்ப்பித்துவிட வேண்டும்.