தேடுவோர் கண்ணில் நமது இணையதளம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி என்பது யாவரும் அறிந்ததே. கண்மாயில் நீர் நின்றால் நெல். நில்லாவிடில் கரிசலில் குதிரைவாலி, பருத்தி, மல்லி, மிளகாய். விளைவிக்கும் விஷயத்தில் நம் குடியானவர்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. விற்பதில்தான் தொல்லை. களத்துக்கு வருகின்ற வியாபாரி சொன்னதே விலை என்ற நிலை பல கிராமங்களில் இன்றும் நீடிக்கிறது. இந்நிலையை மாற்றும் நோக்கத்துடன் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தோன்றின. 2020 பிப்ரவரி 29ஆம் நாளன்று மத்திய அரசாங்கம் நாடெங்கும் 10,000 நிறுவனங்களை அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களோ அதற்கு வெகுகாலம் முன்பே நம் பகுதியில் வேரூன்றியவை. இவற்றுள் சில, பங்குதாரர்களின் பணத்தைச் செலவிட்டுச் சொந்தமாக இணையதளம் அமைத்துக்கொண்டுள்ளன. அத்தளத்தைப் பார்த்து எத்தனை பேர் சரக்குக் கேட்டார்கள் என்று வினவினால் மட்டும் விடை கிடைப்பதில்லை.

அத்தகைய நிறுவனம் ஒன்றின் அலுவலகத்துக்கு ஒரு சமயம் சென்றிருந்தேன். "தளம் இருக்கிறது ஐயா, ஒரு போன்கூட வரவில்லை" என்றார் இயக்குநர்களுள் ஒருவர். குதிரைவாலி மூட்டைகள் அவருக்குப் பின்னால் கூரை வரை அடுக்கியிருந்தன. கைபேசியை எடுத்து அந்நிறுவனத்தின் பெயரைக் கூகிளில் இட்டுத் தேடினேன். கம்பெனிகளின் பதிவு விவரங்களைத் தொகுத்துத் தரும் வேறு யாருடைய தளங்களோ வந்தன. அவர்களுடைய தளம் வரவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினாலே அகப்படாத தளம், "குதிரைவாலி அரிசி மொத்த விலை" என்று தேடுகின்ற கோயமுத்தூர்க் கடைக்காரருக்கு எப்படி அகப்படும்?

தேடுபொறி வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். நாம் ஒரு சொல்லை இட்டவுடன் அப்பொறி உலகெங்கும் ஓடித் தேடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கிராம நிர்வாக அலுவலர் புல எண் கேட்டவுடன் வயலுக்கு ஓடுவதில்லை. முன்னரே எழுதி வைத்த அடங்கலைப் புரட்டிச் சொல்கிறார். தேடுபொறியும் அப்படியே. அதன் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஒரு பக்கத்திலிருந்து இணைப்பைப் பற்றி மறுபக்கத்துக்குச் சென்று, கண்ட எழுத்துக்களையெல்லாம் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று ஒரு பெரும் பதிவேட்டில் குறித்துக்கொள்கின்றன. நாம் தேடும்போது அப்பதிவேட்டிலிருந்தே விடை வருகிறது. ஆகவே முதற்கேள்வி, நமது தளம் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பது. இரண்டாவது கேள்வி, ஏறியவற்றுள் அது எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பது. முதலாவதைத் தீர்க்காமல் இரண்டாவதற்குப் பணம் கொடுப்போரே அதிகம்.

பதிவாகியுள்ளதா என்று அறிய எளிய சோதனை உண்டு. கூகிள் தேடற்கட்டத்தில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளியின்றித் தளத்தின் முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். பதிவான பக்கங்கள் வரிசையாக வரும். மேற்சொன்ன நிறுவனத்துக்கு ஒன்றும் வரவில்லை. தளத்தைக் கட்டும் நாட்களில், அரைகுறைப் பக்கங்களை எவரும் பார்க்கலாகாது என்பதற்காக, "பதிய வேண்டா" என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஒரு குறிப்பை அமைப்பாளர்கள் வைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் அதனை நீக்க வேண்டும். அங்கே நீக்க மறந்திருந்தார்கள். கடையைத் திறந்து சரக்கையும் அடுக்கிவிட்டு, வெளிக்கதவுப் பூட்டை எடுக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்த கதைதான். ஒரு நிமிட வேலை. அதற்காக ஓர் ஆண்டு வீணாயிற்று.

பூட்டை எடுத்த பிறகும் ஒரு குறை நின்றது. தளத்தின் பக்கங்கள் பெரும்பாலும் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களின் படங்களாகவே இருந்தன. மனிதர் கண்ணுக்கு அவற்றிலுள்ள எழுத்துத் தெரியும். தேடுபொறிக்கு அது முதன்மையாக ஒரு படமே. படத்திலுள்ள எழுத்தை இயந்திரங்கள் ஓரளவு படிக்கக் கற்றிருப்பினும், அதனை நம்பி வாணிகம் செய்தலாகாது. விரலால் அழுத்திப் பிடித்தால் எழுத்துத் தெரிவாகிறதா என்று பாருங்கள். தெரிவாகாவிடில் அது படம். அதிலுள்ள செய்தியை எழுத்தாக மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும்.

நம் அலுவலகங்களுக்கே உரிய மற்றொரு குறை பழைய எழுத்துருக்களால் வருவது. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி தமிழெழுத்துக்களைக் கணினியில் அமைத்திருந்தது. 1999ஆம் ஆண்டில் டாம், டாப் என்ற இரு குறியீடுகள் தமிழ்நாட்டில் ஏற்கப்பட்டன. 2010ஆம் ஆண்டில் அரசு ஒருங்குறிக்கு மாறியது. ஆயினும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகிய கைகள் எளிதில் மாறுவதில்லை. அவ்வாறு அடித்த பக்கம் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. தேடுபொறி உள்ளிருப்பதையே படிக்கும். ஒரு வரியை நகலெடுத்துக் கைபேசிச் செய்தியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் ஒருங்குறி. உருத்தெரியாத ஆங்கில எழுத்துக்களாக மாறினால், அந்தப் பக்கத்தைத் தமிழில் தேடுகிறவர் ஒருநாளும் காணமாட்டார். பஞ்சாயத்துத் தீர்மானங்களும் ஏல அறிவிப்புகளும் இவ்வாறு வெளியிடப்பட்டு எவருக்கும் அகப்படாமற் கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனிச் சொற்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். வாங்குபவர் தம் வாயில் வரும் சொல்லைக் கொண்டு தேடுவார். விற்பவர் சொல்லைக் கொண்டு தேடமாட்டார். நமது தளத்தின் முகப்பில் "தரமே எமது தாரக மந்திரம்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. உலகில் எவரும் அந்த வாக்கியத்தைத் தேடி மிளகாய் வாங்குவதில்லை. "சம்பா வத்தல் காம்பு நீக்கியது", "பத்து கிலோ", "மொத்த விலை", "அருப்புக்கோட்டை" என்பனவே தேடப்படும் சொற்கள். அவை பக்கத்தின் தலைப்பிலும் முதற்பத்தியிலும் இயல்பாக இடம்பெற வேண்டும். ஒரே பக்கத்தில் எல்லாச் சரக்கையும் கொட்டாமல், சரக்குக்கு ஒரு பக்கம் அமைத்தல் நலம். நெசவாளர் சங்கமாயின் சேலை வகைக்கு ஒரு பக்கம். அதில் நூலின் எண், நீளம், சாயம், சலவை முறை எல்லாம் எழுத்திலே இருக்கட்டும்.

குதிரைவாலியின் கதையைக் கேளுங்கள். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது முதல் இதனை விரும்புவோர் நாடெங்கும் பெருகியுள்ளனர். ஆனால் 'குதிரைவாலி' என்ற சொல் தமிழரல்லாதார்க்குத் தெரியாது. ஆங்கிலம் படித்தவர் 'பார்ன்யார்டு மில்லட்' என்று தேடுவார். கன்னட நாட்டார் 'ஊதலு' என்பர். உத்தராகண்ட் மலைநாட்டில் அது 'ஜங்கோரா'. வடநாட்டில் நவராத்திரி விரத நாட்களில் அரிசியையும் கோதுமையையும் விலக்குவோர் இதனையே 'சாமா' அரிசி என்று வாங்கிச் சமைக்கின்றனர். நாம் 'சாமை' என்பதோ முற்றிலும் வேறு தானியம். இந்தக் குழப்பத்தை அறியாமல், 'சாமா' கேட்டவருக்குச் சாமையை அனுப்பினால் சரக்குத் திரும்பி வரும். ஆகவே ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒவ்வொரு பக்கம் எழுதி, இப்பெயர்களையெல்லாம் அங்கே தெளிவாகச் சொல்லி, சாமை வேறு என்பதையும் குறிப்பிட வேண்டும். வடநாட்டு விரதங்களுள் ஒன்று பங்குனி, சித்திரையை ஒட்டி வருகிறது. ஐப்பசியில் விதைத்துத் தையில் அறுத்த தானியம் கையில் இருக்கும் காலம் அது. பக்கத்தை அறுவடைக்குப் பின் எழுதத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். விதைத்த உடனே எழுதிவிட வேண்டும்.

ஊர்ப்பெயரிலும் சிக்கல் உண்டு. திருச்சுழியை ஆங்கிலத்தில் எழுதுங்கால் 'டி'க்குப் பின் 'எச்' சேர்ப்போரும் உண்டு, சேர்க்காதோரும் உண்டு; ழகரத்துக்கு 'எல்' இடுவோர் ஒருபுறம், 'இசட் எச்' இடுவோர் மறுபுறம். அருப்புக்கோட்டைக்கு ஒரு 'கே'யா இரண்டு 'கே'யா என்பது இன்னும் முடிவாகவில்லை. 2020 ஜூன் மாதத்தில் அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக் கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். தேடுபொறி இவ்வேறுபாடுகளிற் பலவற்றைத் தானே ஒன்றாகக் கொள்ளக் கற்றிருக்கிறது, எல்லாவற்றையும் அல்ல. பெயர், விலாசம், தொலைபேசி எண் ஆகியவற்றை எங்கும் ஒரே விதமாக எழுதி, மாற்று எழுத்துக் கூட்டலை முகவரிப் பக்கத்தில் ஒருமுறை குறிப்பிட்டால் போதும்.

ஊரின் பெயரே சரக்கை விற்கும் என்பதற்கு நம் அருகிலேயே சான்றுகள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டிலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020ஆம் ஆண்டிலும், ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. இதனைக் கண்டு, நமது சம்பா வத்தலை 'ராமநாதபுரம் முண்டு' என்று எழுதித் தேடுவோரை இழுக்கலாமே என்று ஒருவர் என்னிடம் யோசனை கூறினார். அது சட்ட விரோதம். குறியீட்டுப் பெயரை அதற்குரிய பகுதியின் பதிவு பெற்ற உற்பத்தியாளர்களே பயன்படுத்த உரியவர்கள். நீண்டு மெலிந்த நமது வத்தலை உருண்டை முண்டாக விற்க முயல்வது வாங்குபவர் முன் ஒரே நாளில் வெளிப்பட்டுவிடும்.

பதிவேட்டில் ஏறிய பக்கங்களுள் எது முன்னே நிற்கும்? லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரு மாணவர்கள் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கண்ட முறையை வைத்தே 1998ஆம் ஆண்டில் கூகிள் நிறுவப்பட்டது. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுபவை எத்தகைய மதிப்புடையவை என்று கணக்கிடுவதே அம்முறை. ஊரில் நாலு பெரியவர்கள் ஒருவரை நம்பகமானவர் என்று சொன்னால் மற்றவரும் நம்புவதைப் போன்றது இது. இன்று வேறு பல கணக்குகளும் சேர்ந்துள்ளன. ஆயினும் இதன் மதிப்புக் குறையவில்லை. ஆகவே மாவட்ட நிர்வாகத்தின் தளத்திலோ, வேளாண்மைத் துறையின் பட்டியலிலோ, கோவிலாங்குளத்திலுள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் போன்ற ஸ்தாபனங்களின் பக்கத்திலோ நமது தளத்துக்கு ஓர் இணைப்புக் கிடைக்குமாயின் அது பெரும் உதவி. முறைப்படி விண்ணப்பித்துக் கேட்பதில் வெட்கமில்லை. கைபேசியில் விரைவாகத் திறப்பதும் அவசியம். கூகிள் இப்போது கைபேசி வடிவத்தையே படித்துப் பதிகிறது.

2024 முதல் கூகிளின் விடைப்பக்கத்தின் தலையில் செயற்கை நுண்ணறிவு தொகுத்த சுருக்கமும் வரத் தொடங்கியுள்ளது. அதுவும் பக்கங்களிலிருந்தே எடுக்கப்படுவது. தெளிவான எழுத்தில் உண்மையான விவரம் தருவோர்க்கு அதிலும் இடமுண்டு.

இப்போது எச்சரிக்கை. "கூகிளில் முதலிடம் உத்தரவாதம்" என்று சொல்லிக்கொண்டு சிலர் சங்க அலுவலகங்களுக்கு வருகின்றனர். முதலிடத்துக்கு எவரும் உத்தரவாதம் தர இயலாது என்று கூகிளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. பணம் கொடுத்து வாங்குவது விளம்பர இடம் மட்டுமே. அது விளம்பரம் என்ற குறிப்புடன் தனியாக வரும், பணம் தீர்ந்த அன்றே மறையும். விலைக்கு வாங்கிய இணைப்புகள், ஒரே சொல்லை நூறு முறை திணித்தல், பின்னணி நிறத்திலேயே எழுத்தை மறைத்து வைத்தல் போன்ற தந்திரங்களைத் தேடுபொறி கண்டுபிடித்தால் தளத்தையே பின்னே தள்ளும், அல்லது நீக்கிவிடும். தந்திரம் செய்தவர் போய்விடுவார், தண்டனை பங்குதாரர்களுக்கு.

உண்மையில் தேவையான கருவிகள் இரண்டும் இலவசம். ஒன்று 'சர்ச் கன்சோல்'. தளம் நம்முடையது என்று நிரூபித்துப் பதிந்துகொண்டால், எந்தப் பக்கங்கள் பதிவாயின, எவை ஏன் விடுபட்டன, எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நாம் தென்பட்டோம், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பனவற்றை அது காட்டும். தளத்தின் பக்கப் பட்டியலையும் அதன் வழியே சமர்ப்பிக்கலாம். மற்றொன்று கூகிளின் 'பிசினஸ் புரொபைல்'. இதில் பதிந்தால் வரைபடத்தில் நமது கிடங்கு தெரியும். நரிக்குடிச் சாலையில் எந்தத் திருப்பத்தில் திரும்புவது என்று லாரி ஓட்டுநர் இரவு பத்து மணிக்குச் செயலாளரை எழுப்ப வேண்டியிராது.

மேலே கூறிய நிறுவனத்தில் இவ்வேலைகளை ஊரிலேயே பட்டம் படித்த ஒரு பெண் சில வாரங்களில் செய்து முடித்தார். உடனே பலன் கிட்டவில்லை. தேடுபொறி வந்து படிக்கவும் இடத்தை நிர்ணயிக்கவும் வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். இரண்டு மாதங்களுக்குப் பின் ஒரு சிறுதானியக் கடைக்காரர் அழைத்தார். அவர் வாங்கியது பத்து மூட்டைதான். தரகு இல்லாத பத்து மூட்டை.

ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. தளத்தின் முகவரிப் பெயர் ஆண்டுக் கணக்கில் பதியப்படுவது. தவணை தவறினால் வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம். அப்பெயரும், சர்ச் கன்சோல் கணக்கும், கடவுச்சொற்களும் தளம் கட்டித் தந்தவர் பெயரில் இருந்தால், அவருடன் பிணக்கு வரும் நாளில் இத்தனை உழைப்பும் அவருடையதாகிவிடும். அவை நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கின்றனவா என்று அடுத்த இயக்குநர் கூட்டத்திலேயே கேட்டு, புதுப்பிக்க வேண்டிய தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.