ஓட்டத்தை நிறுத்தாத திருத்தம்

பாடசாலையின் பழைய கணினி எதிலாவது, பிள்ளைகள் நிரலாக்கம் பழகும் ஸ்கிராச் 1.4 மென்பொருள் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். திரையின் இடப்பக்க மேல் மூலையில் ஸ்கிராச் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதிலுள்ள 'ஆர்' எழுத்தின் வளையத்துக்குள், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்குங்கள். ஒரு மெனு விழும். திரையை நிரப்பி நிற்பதை நிறுத்தும் தெரிவு அதில் உண்டு. அதை அழுத்தினால் பூனை நிற்கும் சட்டகம் ஒதுங்க, பின்னால் வெறும் வெளியொன்று தெரியும். அங்கிருந்து ஸ்கிராச்சின் சொந்த நிரலையே திறந்து வாசிக்கலாம், மாற்றவும் செய்யலாம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அந்தப் பூனையை நடக்கவைத்துப் பழகிய பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள்?

கதவுக்குப் பின்னால் இருப்பது ஸ்குவீக். அலன் கே, டான் இங்கல்ஸ் குழுவினர் அப்பிள் நிறுவனத்தில் இருந்தபோது 1996இல் வெளியிட்ட, ஸ்மோல்டோக் என்ற நிரலாக்க மொழியின் ஒரு வடிவம் அது. ஸ்மோல்டோக்கின் முதல் வடிவம் 1972இல், கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் பிறந்தது. இன்று கணினி படிக்கும் எல்லோரும் மனனம் செய்யும் பொருள்நோக்கு நிரலாக்கத்துக்குப் பெயர் வைத்தவரும் அலன் கேதான்.

1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜொப்ஸ் அந்த ஆய்வுகூடத்துக்குப் போனார். அங்கே ஸ்மோல்டோக் ஓடிய திரையில் எழுத்துகள் வரிவரியாகத் துள்ளி மேலே போயின. வழுக்கிக்கொண்டு போனால் நல்லது என்றாராம் ஜொப்ஸ். இங்கல்ஸ் உரிய நிரலைத் திறந்து சிறிது மாற்றினார். ஒரு நிமிடத்துக்குள் எழுத்துகள் வழுக்கத் தொடங்கின என்பது அலன் கே சொல்லும் கதை. கணினியை நிறுத்தவில்லை, மென்பொருளை மூடித் திறக்கவுமில்லை.

இது எப்படி முடிந்தது? ஸ்மோல்டோக்கில் எண், எழுத்து, சாளரம் எல்லாமே பொருட்கள். ஒரு பொருளுக்குச் செய்தி அனுப்பினால், அந்தச் செய்தியின் பெயருக்கு எந்த நிரல் என்று அதன் வகுப்பின் அகராதியில் தேடப்படும். அங்கே இல்லையென்றால் மேல் வகுப்பில் தேடப்படும். தேடல் நடப்பது செய்தி போகும் நேரத்தில். ஆகவே திருத்தம் என்பது அகராதியில் ஒரு பதிவை மாற்றி வைப்பதுதான். பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல் தன் வேலையை முடித்துக்கொள்ளும். அடுத்த செய்தி புதியதைக் கண்டெடுக்கும்.

இதைவிட வியப்பானது இன்னொன்று. மாணவர் என்ற வகுப்பில் பெயர், வயது என இரண்டு இடங்கள் வைத்திருக்கிறீர்கள். நினைவகத்தில் ஏற்கெனவே ஆயிரம் மாணவர் பொருட்கள் உயிரோடு இருக்கின்றன. இப்போது ஊர் என்று மூன்றாவது இடம் வேண்டும். அந்த ஆயிரத்துக்கும் மூன்று இடங்களுள்ள புதிய பொருட்களை உண்டாக்கி, பழைய விபரங்களைப் பெயர்த்து, பழையதைச் சுட்டிக்கொண்டிருந்த எல்லா இணைப்புகளையும் புதியதன் பக்கம் திருப்பிவிடும் ஸ்மோல்டோக். ஆள் மாறியது அயலுக்குத் தெரியாது.

நிரலை மொழிபெயர்க்கும் தொகுப்பியும் பிழை தேடும் கருவியும்கூட இதே பொருட்களால் ஆனவை. ஆபத்தும் அங்கேதான். எழுத்தை வரையும் நிரலில் கைவைத்துப் பிழைவிட்டால், அதைச் சரிசெய்ய எழுத வேண்டிய சாளரத்திலேயே எழுத்து வராது. அதற்காக ஒவ்வொரு மாற்றமும் உடனுக்குடன் தனிக் கோப்பொன்றில் வெறும் எழுத்தாகப் பதியப்படுகிறது. எல்லாம் கவிழ்ந்தாலும், கடைசியாகச் செய்த கோளாறை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மீண்டும் ஓட்டிப் பழைய நிலைக்கு வரலாம். பிழைவிடுவான் மனிதன் என்று தெரிந்தவர்கள் கட்டிய அமைப்பு.

பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிளைக் கொஞ்சப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் ஜப்பானியக் கம்பனியிடம் கேட்டுக்கொண்டா செய்தார்கள்? ஸ்மோல்டோக் பயனர்களும் விற்றவரின் அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்கவில்லை. திருத்திய நிரலை, துண்டுக்குத் துண்டு ஆச்சரியக்குறி இட்ட சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து மற்றவருக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகமும் அப்படிப்பட்ட கோப்புகளைச் சேர்த்துவைத்து யாருக்கும் வழங்கின. பெற்றவர் அதை ஏற்றினால் போதும், ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு அந்த நொடியே திருந்திவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பேரின் திருத்தங்கள் ஒரே நிரலைத் தொட்டால் கடைசியாக ஏற்றியதே நிற்கும். முந்தையது சத்தமில்லாமல் மறைந்துபோகும். ஆளுக்கொரு ஸ்மோல்டோக் என்ற நிலைகூட வந்தது. ஒருவர் வீட்டில் ஓடும் நிரல் இன்னொருவர் வீட்டில் ஓடாது. கூட்டாக வேலைசெய்யும் பெரிய நிறுவனங்களுக்கு இது தலையிடிதான். ஆனாலும் பூட்டி முத்திரையிட்டுத் தரும் இன்றைய கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டால், அந்தத் தலையிடி எனக்குப் பெரிதாகப் படவில்லை. கைத்தொலைபேசியில் ஒரு பிழை கண்டால் நாங்கள் செய்யக்கூடியது, கம்பனிக்கு அறிவித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

ஸ்கிராச் 2013இல் ஸ்குவீக்கை விட்டு விலகியது. இப்போதைய ஸ்கிராச்சில் அந்தக் கதவு இல்லை. ஆனால் ஸ்குவீக்கும் அதிலிருந்து 2008இல் கிளைத்த ஃபாரோவும் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்குவீக் பழைய கணினியிலும் சோர்வில்லாமல் ஓடும். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலோ கணினி படிப்பவர்கள் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். ஏதாவதொரு நிரலைத் திறந்து வேண்டுமென்றே குழப்பிவிட்டு, உள்ளே இருந்தபடியே சரிசெய்து பாருங்கள். கைவைக்குமுன், முழு அமைப்பும் சேமிக்கப்பட்டிருக்கும் இமேஜ் கோப்பையும் மாற்றங்கள் பதியும் கோப்பையும் வேறோர் இடத்தில் பிரதியெடுத்து வைக்க மறக்க வேண்டாம்.