வாய்ச்சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது

"உங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா." ரேஷன் கடையில் இப்படிச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமோ பேச்சே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறது. அதன் 15-ஆவது பிரிவின்படி மாவட்டந்தோறும் ஒரு குறைதீர் அலுவலர் உண்டு. அவர் உத்தரவு சரியில்லை என்றால் மாநில உணவு ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். 2016 நவம்பரிலேயே தமிழ்நாடு இச்சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் கிருஷ்ணன்கோவிலில் பெயர் நீக்கப்பட்ட ஒருவர் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வார்? கையில் உத்தரவு என்று ஒரு தாள் இருந்தால்தானே! காரணம் எழுத்தில் வராதவரை இந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான். எழுதிக் கொடுப்பது அரசுக்கு முடியாத காரியமும் அல்ல. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டவர்களுக்குக் காரணம் செல்போனில் குறுஞ்செய்தியாக வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் முறையிடலாம் என்றும் சொன்னார்கள். ஆயிரம் ரூபாய்க்குக் காட்டிய இந்த அக்கறையை அரிசிக்கும் காட்டலாமே.

தமிழ்நாட்டில்தான் எல்லாருக்கும் ரேஷன் உண்டே, இதற்கு எதற்கு மேல்முறையீடு என்று கேட்பார்கள். எல்லாருக்கும் கார்டு உண்டு, எல்லா கார்டும் ஒன்றல்ல. அந்தியோதயா கார்டுக்கு மாதம் 35 கிலோ அரிசி. சர்க்கரை கார்டுக்கு அரிசியே கிடையாது. எந்தக் குடும்பம் எந்த வகை என்பதை ஓர் அலுவலக முடிவுதான் தீர்மானிக்கிறது. அந்த முடிவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டம் சாட்சி. ஆதார் இணைக்கவில்லை என்று கார்டு ரத்தான குடும்பத்தில் 2017-இல் 11 வயதுச் சிறுமி இறந்தாள். பட்டினி என்றது குடும்பம், மலேரியா என்றது அரசு. கார்டு ரத்தானதில் மட்டும் தகராறு இல்லை.

கடைக்காரரைப் பகைத்துக்கொண்டு எப்படி அரிசி வாங்குவது என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் கார்டு வகையை முடிவு செய்வது கடைக்காரர் அல்ல. மனுவும் அவர் மேல் அல்ல. ராஜபாளையம் மில்லுக்கோ சத்திரப்பட்டி தறிக்கோ போகிறவருக்கு ஒருநாள் கூலி போகுமே என்பதுதான் கனமான மறுப்பு. அதற்கும் வழி உண்டு. 1967 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை குறைதீர் முகாமிலும் மனு கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகரக் கூடாது. பதில் வராவிட்டால், அந்த மனு என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தக்க காரணமின்றித் தராத அரசு ஊழியருக்கு ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது 33-ஆவது பிரிவு.