பல வீடு, பல சபை, ஒரே உரிமையாளர்

அலவத்துகொடையில் பரம்பரை வீடு, கண்டி நகரில் வாடகைக்கு விட்ட வீடு, கொழும்பில் ஓர் அடுக்குமாடி வீடு என மூன்று ஆதனங்கள் ஒருவருக்கு இருப்பதாகக் கொள்வோம். சட்டத்தின் கண்ணில் அவை மூன்றும் வெவ்வேறு உலகங்கள். கண்டியும் கொழும்பும் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அலவத்துகொடைக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொருந்தும். அங்கேயும் கட்டடங்கள் செறிந்த இடமாகப் பிரகடனப்படுத்திய பகுதிகளில்தான் மதிப்பீட்டு வரி உண்டு. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்று கணித்து, அந்த ஆண்டுப் பெறுமதியில் இத்தனை வீதம் என்று ஒவ்வொரு சபையும் வரியை விதிக்கிறது. உரிமையாளர் விபரத்திரட்டு எதையும் நிரப்பிக் கொடுப்பதில்லை. வரி ஆதனத்தோடு ஒட்டியது; ஆளுக்கு எத்தனை வீடு என்று எந்தச் சபையும் கேட்பதில்லை.

இணையவழிக் கட்டணம் இந்த அமைப்பின் மேல்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் நன்மை சிறிதல்ல. ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் பொதுவாக 10 வீதக் கழிவு. காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். கட்டாரில் வேலை செய்பவர் இந்தக் கழிவுக்காக உறவினரை வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் தொடங்கிய கவ்பே போன்ற சேவைகள் இந்த வழியை இன்னும் அகலமாக்கும். ஆனால் பணம் போய்ச் சேரும் பதிவேடு பழையதாக இருந்தால் வேகத்தால் பயனில்லை. உறுதி மாறியும் சபையில் பெயர் மாறாத வீட்டுக்குக் கட்டும் பணம் முன்னைய உரிமையாளரின் பெயரிலேயே வரவாகும். காணியைப் பிரித்து விற்றிருந்தால் வரி இலக்கமும் குழம்பும். விற்றவர் வைத்துப்போன நிலுவை வாங்கியவர் தலையில் விழும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் வரி இலக்கம், பதிவேட்டிலுள்ள பெயர், பற்றுச்சீட்டு மூன்றையும் ஒரே கோப்பில் வைப்பதும், உறுதியின் பிரதியோடு பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பதும் கட்டணத்துக்கு முன் செய்யவேண்டியவை.

வருமான வரியின் நடைமுறை இதற்கு நேர்மாறு. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு ஆள்தான் அலகு. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எல்லா வீடுகளிலிருந்தும் கிடைத்த வாடகையை ஒன்றாகக் கூட்டி, நவம்பர் 30க்குள் விபரத்திரட்டில் காட்ட வேண்டும். வாடகையில் 25 வீதம் திருத்தச் செலவுக்கான சலுகையாகக் கழியும். இப்படி இறைவரிக்கு ஒருவராகவும் சபைகளுக்கு மூவராகவும் ஒரே உரிமையாளர் தோன்றுகிறார். சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தில் 2024இல் பேசப்பட்ட கற்பித வாடகை வரி (வாடகைக்கு விடாத வீட்டுக்கும் வாடகை கிடைப்பதாகக் கொண்டு விதிப்பது), குடியிருக்கும் முதல் வீட்டை விட்டுவிட்டு ஏனையவற்றுக்கே விதிக்கப்படுவதாக இருந்தது. யாருக்கு எத்தனை வீடு என்று தெரியாமல் அப்படி ஒரு வரியை நியாயமாக அறவிட முடியாது. அந்த யோசனை பின்னர் கைவிடப்பட்டாலும், அது கிளப்பிய கேள்வி அப்படியே இருக்கிறது.

அதற்கு விடை, சபைகளின் பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைப்பது. இணைத்தால் வரிச்சுமை கூடும் என்று சிலர் அஞ்சுவார்கள். வரி வீதத்தைத் தீர்மானிப்பது சட்டமும் சபையும். இணைப்பு இருப்பதைக் காட்டுமே தவிர இல்லாததைச் சேர்க்காது. சிதறிய பதிவேட்டால் ஒளிய முடிவது பல வீடு உள்ளவருக்கு மட்டும். ஒற்றை வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு சதமும் மிஞ்சாது. சபைகளின் சுயாதீனம் குறையும் என்ற வாதமும் நிற்காது. வீதத்தையும் வருமானத்தையும் சபையிடமே விட்டுவிட்டு, உரிமையாளரின் அடையாள இலக்கத்தை மட்டும் பொதுவாக்கலாம். தரவு கசியும் என்ற கவலை நியாயமானது. யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சட்டம் வரையறுப்பதே அதற்குப் பதில். கைபேசி பழகாத முதியவர்களுக்காகச் சபைக் கருமபீடமும் திறந்தே இருக்கட்டும். அங்கே அமர்ந்திருக்கும் எழுதுவினைஞருக்கும் திருத்தமான பதிவேடுதான் முதலில் வேண்டும். சபைகள் அடுத்துச் செலவிடும் பணம் புதிய செயலிகளுக்குப் போகுமுன் அந்தப் பதிவேட்டுக்குப் போகட்டும்.