“லைன் போயிட்டா சம்பளம் போய்ச் சேருமா, தம்பி?”

ஞாயிறு மாலை தேக்காவில் நடந்து பழகியவர்களுக்கு அந்தக் கூட்டம் புதிதல்ல. வாரம் முழுவதும் வேலைத்தளத்தில் இருக்கும் ஊழியர்கள் காய்கறி வாங்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் கூடும் நாள் அது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே, டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில், ஒரு கிளை அலுவலகத்துக்குக் கணினிக் கட்டமைப்பு அமைத்துத் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் தனியாக ஏற்ற முதல் வேலை.

அது ஒரு கட்டுமான நிறுவனம். தலைமை அலுவலகம் துவாசில். சம்பளக் கணக்கை இனிமேல் இந்தக் கிளைதான் பார்க்கப்போகிறது. ஊழியர்களும் சந்தேகம் கேட்கத் துவாஸ் வரை அலைய வேண்டியதில்லை.

நான் சாதனங்களின் பட்டியலோடு போனேன். கணக்குப் பிரிவின் அக்கா அதைப் பார்க்கவே இல்லை. “லைன் போயிட்டா சம்பளம் போய்ச் சேருமா, தம்பி?” என்று மட்டும் கேட்டார். சம்பளக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் ஊதியம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது வேலை நியமனச் சட்டம். என் பட்டியலில் அவருடைய கேள்விக்குப் பதில் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன்.

சுவர் சொன்ன பாடம்

லிட்டில் இந்தியா 1989ல் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. பழைய கடைவீடுகளில் நினைத்த இடத்தில் துளை போட முடியாது. கட்டடமோ குறுகி, நீண்டு கிடக்கிறது. சுவர் தடித்த செங்கல். முன்னறையில் நான்கு கோடு காட்டிய வைஃபை பின்னறையில் ஒன்றாகச் சுருங்கியது.

அதனால் கணக்குப் பிரிவின் கணினிகளுக்கும் பிரிண்டருக்கும் கேட்-6 கேபிள்தான் என்று முடிவு செய்தேன். 100 மீட்டர் வரை அது விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகம் தாங்கும். முன்னும் பின்னும் இரண்டு வைஃபை கருவிகள். அவற்றுக்கு மின்சாரமும் அதே கேபிளில் போவதால் கூரையில் தனியாகப் பிளக் வைக்கத் தேவைப்படவில்லை.

காத்திருக்கும் ஊழியர்களுக்கும் வைஃபை வேண்டும் என்றார் அக்கா. கொடுத்தோம். ஆனால் அது கணக்குப் பிரிவை எட்டிப் பார்க்க முடியாதபடி தனிப் பாதையாகப் பிரித்தோம். ஊழியர்களின் வங்கிக் கணக்கு எண்ணும் வேலை அனுமதி விவரமும் உள்ள இடம் அது. 2012ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைக் காப்பது நிறுவனத்தின் கடமை.

என் தவறு

எல்லாவற்றையும் பொருத்தி, துவாசோடு விபிஎன் இணைப்பையும் தந்தேன். விளக்கு பச்சையாக எரிந்தது. ஆனால் சம்பளக் கோப்பு மட்டும் திறக்கவில்லை. இரவு 11 மணி வரை ரௌட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: இரண்டு அலுவலகங்களும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே பயன்படுத்தின. பல ரௌட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே இந்த எண்ணோடு வரும். நான் அதை மாற்றவில்லை.

இரண்டு பேட்டைகளில் ஒரே புளோக் எண், ஒரே வீட்டு எண் இருந்து, கடிதத்தில் பேட்டைப் பெயரை எழுதாவிட்டால் என்ன ஆகும்? துவாசைத் தேடிய கணினி, தன் மாடியிலேயே தேடிக் களைத்தது. கிளையின் முகவரிகளை 192.168.20 என்று மாற்றியதும் கோப்பு திறந்தது. முதல் நாளே தலைமை அலுவலகத்திடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த இரவு மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது வழி

அக்காவின் கேள்வி இன்னும் பாக்கி. 2013 அக்டோபர் 9ஆம் தேதி புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் இணையப் பரிமாற்ற நிலையத்தில் தீப்பிடித்தபோது வீடுகள், அலுவலகங்கள், வங்கிகள் எனப் பல இடங்களில் சேவை தடைபட்டது. அப்படி ஒரு நாள் சம்பள நாளாகவும் இருக்கலாம்.

இன்னொரு நிறுவனத்திடம் இரண்டாவது ஃபைபர் வாங்கலாமே என்று தோன்றும். இங்கே பல சேவை நிறுவனங்கள் ஒரே நாடளாவிய ஃபைபர் கட்டமைப்பில்தான் சேவை தருகின்றன. கட்டடத்துக்குள் வரும் வழியும் ஒன்றாகவே இருக்கக்கூடும். அதனால் இரண்டாவது வழியைக் கைப்பேசி அலை மூலம், வேறு நிறுவனத்திடம் எடுத்தோம். மின்தடைக்கு ஒரு யுபிஎஸ்.

ஒப்படைக்கும் நாளில் அக்காவை அழைத்து, அவர் கண் முன்னால் ஃபைபர் கேபிளைப் பிடுங்கினேன். திரை உறைந்தது. இருவரும் பேசவில்லை. ஒரு நிமிடத்துக்குள் கைப்பேசி இணைப்பு எழுந்து, துவாசின் கோப்பு மறுபடியும் திறந்தது.

“சரி தம்பி, இப்ப அந்தப் பட்டியலைக் காட்டு,” என்றார் அக்கா.

இப்போதெல்லாம் புது அலுவலகத்துக்குப் போனால் கடைசியாகத்தான் பட்டியல் எழுதுகிறேன். முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: இங்கே எந்த வேலை நிற்கவே கூடாது? அது நின்றால் யாருக்கு வலிக்கும்?