கைக்கு வந்த காரியமும் 18 நிமிட ரொட்டியும்

யூதர்களின் பாஸ்கா பண்டிகைக் காலத்தில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. அந்த நாட்களுக்கென்று மாட்சா என்னும் தட்டை ரொட்டி சுடுகிறார்கள். மாவில் தண்ணீர் பட்ட நேரத்திலிருந்து 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, சுட்டு எடுத்துவிட வேண்டும். மீறினால் மாவு புளிக்கத் தொடங்கிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர், விடுதலை கிடைத்த வேளையில் மாவு புளிக்கும் வரை காத்திராமல் புறப்பட்டுவிட்டார்கள் என்கிறது அவர்கள் வேதம். அதன் நினைவாகத்தான் இந்த ரொட்டி.

எபிரேய மொழியில் இந்த ரொட்டிகளைக் குறிக்கும் சொல்லையும் கடமைகளைக் குறிக்கும் சொல்லையும் ஒரே எழுத்துக்களில் எழுதலாம். இதை வைத்து அவர்களுடைய பழைய ஆசிரியர்கள், ரொட்டி மாவைப் போலவே கைக்கு வந்த நற்காரியத்தையும் புளிக்க விடக் கூடாது என்று பொருள் சொன்னார்கள். மைதா மூட்டையோடு பழகும் நம்மில் பலருக்கு இந்த உவமை சட்டென்று பிடிபடும்.

யூதர் என்றாலே பெரும் பணக்காரர் என்று பேசுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. 1881ல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். அதையடுத்து யூதர் மீது தாக்குதல்கள் நடந்தன. 1882ல் அவர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறக் கூடாதென்று சட்டமும் வந்தது. லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தையல் கூடங்களில் கூலி வேலை பார்த்த ஏழைகள்.

அந்தக் கூட்டத்தோடு வந்தவர்தான் மைக்கேல் மார்க்ஸ். ஆங்கிலம் அதிகம் தெரியாது, கையில் முதலும் கிடையாது. லீட்ஸில் ஐசக் டியூஹர்ஸ்ட் என்ற மொத்த வியாபாரியைச் சந்தித்தார். அவர் 5 பவுண்டு கடன் கொடுக்க முன்வந்தார். மார்க்ஸ் அந்தப் பணத்துக்கு அவர் கிடங்கிலேயே சரக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தவணையாகக் கடனைக் கட்டினார், கட்டக் கட்ட மேலும் சரக்கு எடுத்தார். நம் மொத்தக் கடைகளில் எத்தனையோ பேரேடுகளில் இப்படிப்பட்ட கணக்கு ஏறியிருக்கும். கொடுத்தவருக்கும் நஷ்டமில்லை, வாங்கியவருக்கும் அவமானமில்லை.

சுற்றுப்புற ஊர்களில் சுமை வியாபாரம் செய்த மார்க்ஸ், 1884ல் லீட்ஸின் கிர்க்கேட் சந்தையில் ஒரு மேஜை போட்டார். ஒரு பென்னி விலையுள்ள பொருட்களைத் தனியே பிரித்து வைத்து, விலை கேட்கவே வேண்டாம், எல்லாம் ஒரு பென்னி என்று பலகை மாட்டினார். பேரம் பேச ஆங்கிலம் போதவில்லை, ஆகவே பேரமே இல்லாத கடை! குறையையே வழியாக மாற்றிய இந்தப் புத்தியை நாம் மெச்சாமல் இருக்க முடியவில்லை. ஊசி, நூல், பொத்தான் போன்ற சில்லறைச் சாமான்களை வாடிக்கையாளர் தாமே தொட்டுப் பார்த்து எடுக்கலாம். லாபம் சொற்பந்தான், ஆனால் சரக்கு தங்காமல் ஓடியது. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்பதால், முதலில் வாங்கிய கடனே 1,200 பென்னி. அதைப் பென்னி பென்னியாகச் சேர்த்த மனிதர் அவர்.

வியாபாரம் பெருகியதும் கூட்டாளி தேடினார். டியூஹர்ஸ்ட் தாம் சேரவில்லை. அவரிடம் காசாளராக இருந்த டாம் ஸ்பென்சர் 300 பவுண்டு போட்டு 1894ல் சேர்ந்தார். மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் என்ற கடை அப்படிப் பிறந்தது. டியூஹர்ஸ்டின் நிறுவனம் அந்தக் கடைக்குப் பல பத்தாண்டுகள் சரக்கு கொடுத்துவந்தது. முகம் தெரியாத இளைஞன் ஒருவன் நம் கிடங்கு வாசலில் வந்து நிற்கும்போது, ஜாமீன் யார், ஊர் எது என்று கேட்டே திருப்பி அனுப்பிவிடுகிறோம். டியூஹர்ஸ்டும் கேட்டிருந்தால், மார்க்ஸுக்கு ஜாமீன் சொல்ல அந்த ஊரில் யார் இருந்தார்கள்?

யூத ஆசிரியர்களில் ஹில்லேல் என்பவர் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் வாழ்ந்தவர். ஓய்வு கிடைத்தபின் படிக்கலாம் என்பவனை அவர் கண்டித்தார். அந்த ஓய்வு வராமலே போகலாமே என்பது அவர் வாதம். அவரே கூலி வேலை செய்தவர். அன்றன்று கிடைத்த கூலியில் பாதியைப் பாடசாலைக் காவல்காரனுக்குக் கொடுத்துவிட்டுப் படித்தார் என்றும், கூலி கிடைக்காத ஒரு நாள் உள்ளே விடாததால் கூரை மேல் ஏறிப் பாடம் கேட்டார் என்றும், அங்கே பனி அவரை மூடிவிட்டது என்றும் தல்மூத் நூலில் ஒரு கதை உண்டு. சீசன் முடியட்டும், அப்புறம் பையனிடம் கம்ப்யூட்டர் பில் போடக் கற்றுக்கொள்கிறேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிவரும் நண்பர்கள் நம் சங்கத்திலும் உண்டு. ஜி.எஸ்.டி. 2017ல் வந்துவிட்டது, அவர்களுடைய சீசன்தான் இன்னும் முடியவில்லை.

ஆனால் இன்றே பிடி, இன்றே சம்பாதி என்று மட்டும் யூத நூல்கள் சொல்லி நிறுத்தவில்லை. இறந்தபின் நடக்கும் விசாரணையில் முதலாவதாகக் கேட்கப்படுவது, கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக நடந்தாயா என்பதே என்கிறது தல்மூத். நாட்கூலியை அன்றே கொடுக்க வேண்டும் என்பது வேதச் சட்டம். வாங்கும் எண்ணமே இல்லாமல் கடைக்காரனிடம் விலை கேட்பதும் குற்றம் என்று மிஷ்னா கூறுகிறது. (இந்தச் சட்டம் நம் ஊரில் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!) மிஷ்னா கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. சில்லறைக் கடைக்காரர் வாரம் இருமுறை அளவுப் படியையும், வாரம் ஒருமுறை எடைக்கல்லையும், ஒவ்வொரு நிறுவைக்குப் பின்னும் தராசையும் துடைக்க வேண்டும் என்று அதில் உள்ளது. மொத்த வியாபாரி 30 நாளுக்கு ஒருமுறை படியைத் துடைத்தால் போதும்.

பதுக்கலைப் பற்றியும் தல்மூத் பேசுகிறது. சந்தர்ப்பம் என்ற பெயரில் நம்மில் சிலர் செய்வது அதைத்தானே! மாவு, எண்ணெய், திராட்சை ரசம் போன்ற உயிர் காக்கும் பொருட்களை விலை ஏறட்டும் என்று அடைத்து வைக்கக் கூடாது. சீரகத்துக்கும் மிளகுக்கும் மட்டும் தடையில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் சந்தைக்கு மிளகு போனது நம் மேற்குக் கரையிலிருந்துதான்.