கணக்கப்பிள்ளை இல்லாத களஞ்சியம்

சித்தூர், நகரி, காளத்தி முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழரின் பேச்சில், சென்னையிலோ மதுரையிலோ எளிதில் கேட்கக் கிடைக்காத சொற்கள் உண்டு. தெலுங்கோடு அண்டை வீட்டு உறவு கொண்டாடி வளர்ந்த தமிழ் அது. திருப்பதியில் பயிலும் நம் மாணவர் சிலர், விடுமுறைதோறும் அவ்வூர்களுக்குச் சென்று, முதியோர் சொல்லக் கேட்டு அச்சொற்களைத் தொகுத்து வருகின்றனர். தொகுத்தவற்றைக் கணிப்பொறியில் சேமிக்க அவர்கள் தேர்ந்துகொண்ட கருவி, எஸ்க்யூலைட் என்னும் சிறிய தரவுத்தளம். தேர்வு நன்றே. ஆயினும் கருவியின் இயல்பு அறியாமல் கையாண்டமையால் இடர்கள் சில விளைந்தன. ஆய்வுக்கூடத்தில் அளவைகளைப் பதிந்துவைக்கும் அறிவியல் மாணவர்க்கும் இவை நாள்தோறும் நேர்வனவே. ஆதலின் அவற்றின் காரணங்களை இங்கே சற்று விரித்துரைக்க விழைகிறேன்.

பெரிய தரவுத்தளங்களை நெற்களஞ்சியத்துக்கு ஒப்பிடலாம். அதன் வாயிலில் ஒரு கணக்கப்பிள்ளை எப்போதும் அமர்ந்திருப்பார். நெல் போடுவோரும் எடுப்போரும் அவரிடமே சொல்ல வேண்டும். யார் முன், யார் பின் என்று முறை வகுப்பவரும் அவரே. கணிப்பொறியாளர் அவரைச் ‘சர்வர்’ என்பர். எஸ்க்யூலைட்டில் அவர் இல்லை. தரவு முழுதும் ஒரே கோப்பில் இருக்கும். நாம் எழுதும் நிரலே நேரே அதைத் திறந்து படிக்கும், எழுதும்.

இவ்வமைப்பு தோன்றிய வரலாறு சுவையானது. ரிச்சர்டு ஹிப் என்ற அமெரிக்கர், அந்நாட்டுக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்காக நிரல் எழுதிக்கொண்டிருந்தார். சர்வர் நின்றுபோகும் போதெல்லாம் அவருடைய நிரலும் செயலற்றுப் போயிற்று. பழியோ நிரலின் மேல் விழுந்தது. சர்வரே இல்லாத தரவுத்தளம் ஒன்றை ஏன் செய்யக்கூடாது என்று எண்ணினார். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் எஸ்க்யூலைட் வெளிவந்தது. அதை யாருக்கும் உரிமையற்ற பொதுச்சொத்தாகவே அவர் விட்டுவிட்டார். இன்று நம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியிலும் அது இருக்கிறது.

கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் மிச்சம்தான். ஆனால் அவர் செய்துவந்த வேலைகளுட் பல நம் தலையில் விழுந்துவிட்டன. கீழே வரும் இடர்களிற் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் மிக எளிய ஒன்று. நேற்று வரை இருந்த அட்டவணையை இன்று கேட்டால், ‘நோ சச் டேபிள்’, அதாவது அப்படி ஓர் அட்டவணையே இல்லை என்று விடை வருகிறது. தரவு அழிந்துவிட்டதோ என்று நெஞ்சு பதறும். பெரும்பாலும் அழிந்திருக்காது. நாம் சொன்ன இடத்தில் கோப்பு இல்லையென்றால், எஸ்க்யூலைட் குறை கூறாமல் அதே பெயரில் வெறுங்கோப்பு ஒன்றைப் படைத்துக்கொள்ளும். வேறொரு கோப்புறையிலிருந்து நிரலை இயக்கியிருப்போம், அவ்வளவே. கட்டளைச் சாளரத்தில் ‘.டேட்டாபேசஸ்’ என்று கேட்டால் திறந்திருக்கும் கோப்பின் முழு முகவரியையும் காட்டும். கோப்பின் பெயரை எப்போதும் முழு முகவரியோடு எழுதுவது நலம்.

அடுத்தது, எல்லோரும் ஒருமுறையேனும் கண்டிருக்கும் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்னும் செய்தி. களஞ்சியம் பூட்டியிருக்கிறது என்பது பொருள். எஸ்க்யூலைட்டில் ஒரே நேரத்தில் பலர் படிக்கலாம். எழுதுவோர் ஒருவராகத்தான் இருக்க முடியும். ஒருவர் எழுதும்போது மற்றொருவர் எழுத வந்தால், வரிசையில் நிற்கச் சொல்ல அங்கே ஆள் இல்லை. காத்திருக்கும் நேரத்தை நாம் குறிப்பிடாவிடில் வந்தவரை உடனே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே ‘பிசி டைம்அவுட்’ என்னும் அமைப்பில், ஐந்து வினாடி காத்திரு என்பதற்கு 5000 என்று எழுதிவைக்க வேண்டும். அது மில்லி வினாடிக் கணக்கு. பைத்தான் மொழியில் எழுதுவோர்க்கு இந்த ஐந்து வினாடி தானாகவே கிடைக்கிறது.

காத்திருந்தும் பூட்டுத் திறக்கவில்லையெனில், பூட்டிய கை யாருடையது என்று தேட வேண்டும். பெரும்பாலும் அது நம் கையே! டி.பி. பிரௌசர் போன்ற ஒரு சாளரத்தில் இரண்டு சொற்களைத் திருத்திவிட்டு, ‘மாற்றங்களை எழுது’ என்னும் பொத்தானை அழுத்தாமல் தேநீர் அருந்தப் போயிருப்போம். அதுவரை வேறு எந்த நிரலும் எழுத இயலாது. இன்னொரு நுட்பமும் உண்டு. ‘பிகின்’ என்று தொடங்கி, முதலில் படித்து, பிறகு அதே மூச்சில் எழுத முற்பட்டால், நடுவே வேறொருவர் எழுதிவிட்டாரெனில், காத்திருப்பு நேரம் எவ்வளவு இருப்பினும் மறுப்பு வரக்கூடும். எழுதப் போகிறோம் என்று அறிந்திருந்தால் ‘பிகின் இம்மீடியட்’ என்றே தொடங்க வேண்டும்.

2010இல் ‘வால்’ என்னும் முறை சேர்க்கப்பட்டது. இதில் புதிய மாற்றங்கள் முதலில் தனியான குறிப்புக் கோப்பொன்றில் எழுதப்பட்டு, பிறகே மூலக்கோப்பில் சேரும். ஆதலால் படிப்போர் எழுதுவோரைத் தடுப்பதில்லை. எழுதுவோரும் படிப்போரைத் தடுப்பதில்லை. எழுதுவோர் ஒருவர்தான் என்ற விதி மட்டும் மாறவில்லை. நன்மை பெரிதே. ஆனால் நம் தொகுப்புக்கு நேர்ந்த பெரிய இழப்பும் இதன் வழியாகவே வந்தது.

நண்பர் ஒருவர் ஒரு பிற்பகல் முழுதும் ஒரு மூதாட்டி சொல்லச் சொல்லக் கணிப்பொறியிலேயே தட்டச்சிட்டார். கையெழுத்துப் படி இல்லை. மாலையில், நிரல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மூலக்கோப்பை மட்டும் பென்டிரைவில் படியெடுத்தார். இரவல் வாங்கிய கணிப்பொறியாதலால் அதிலிருந்தவற்றை அழித்துத் திருப்பிக் கொடுத்தும் விட்டார். படியைத் திறந்தால் காலைவரை எழுதியவை மட்டுமே இருந்தன. அன்றைய சொற்கள் யாவும் பக்கத்திலேயே ‘-வால்’ என்ற ஈற்றோடு இருந்த கோப்பில் கிடந்தவை. அதைத் தேவையற்ற குப்பை என்று எண்ணிவிட்டார். அந்த அம்மையார் அதே சொற்களை மீண்டும் நினைவுகூர்வார் என்பதற்கு உறுதியில்லை.

எஸ்க்யூலைட் ஒரே கோப்பு என்று எல்லா நூலிலும் எழுதியிருக்கும். இயங்கும் நேரத்தில் அது முழு உண்மையன்று. ‘-வால்’, ‘-ஜர்னல்’ என்ற ஈற்றுடைய கோப்புகள் தரவின் பகுதிகளே. நிரல் முறையாக மூடப்பட்டால் அவை பொதுவாகத் தாமே மறையும். கணிப்பொறி திடீரென்று நின்றபின் அவை எஞ்சியிருந்தால் தொடவே கூடாது. மறுமுறை திறக்கும்போது அவற்றைக் கொண்டுதான் எஸ்க்யூலைட் தன்னைச் சீர்செய்துகொள்கிறது. படியெடுக்க ‘.பேக்கப்’ என்ற கட்டளையோ, 2019இல் வந்த ‘வேக்யூம் இன்டு’ என்பதோ இருக்க, கோப்பை இழுத்துப் போடுவானேன்?

கூகுள் டிரைவ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறையில் தரவுத்தளத்தை வைத்துப் பலர் திறப்பதும் தீது. அங்கே பூட்டுகள் ஒழுங்காக வேலை செய்யா. விளைவு, கோப்பின் வடிவம் கெட்டுவிட்டது என்னும் ‘மால்ஃபார்ம்டு’ செய்தி. அப்போது முதலில் கோப்புக்கு ஒரு படி எடுத்துவைத்து, ‘பிராக்மா இன்டெக்ரிட்டி செக்’ என்று சோதிக்க வேண்டும். ‘ஓகே’ என்று வராவிடில் ‘.ரெக்கவர்’ கட்டளை எஞ்சியதை மீட்டுத் தரலாம்.

தரவின் ஒழுங்கிலும் எஸ்க்யூலைட் தாராள மனத்தது. எண் என்று குறித்த இடத்தில் எழுத்தை இட்டாலும் ஏற்றுக்கொள்ளும். கண்டிப்பு வேண்டுமாயின் அட்டவணையைப் படைக்கும்போதே ‘ஸ்டிரிக்ட்’ என்று சேர்க்க வேண்டும். இவ்வசதி 2021இல் வந்தது. தேதிக்கெனத் தனி வகையும் இல்லை. 2022-04-04 என்று ஆண்டை முன்வைத்து எழுதினால்தான் வரிசை சரியாக நிற்கும்.

அந்தத் தேதியைக் காரணத்தோடுதான் எடுத்தேன். அன்றுதான் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சந்திரகிரியும் காளத்தியும் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்தன. நம் பட்டியலில் மாவட்டங்களுக்கு ஓர் அட்டவணை, ஊர்களுக்கு ஓர் அட்டவணை. மாவட்ட வரிசையை மாற்றியமைக்கும்போது பழைய எண்ணொன்றை நீக்கிவிட்டால், ஊர்கள் தாயற்ற பிள்ளைகளாய் நிற்கும். அதைத் தடுக்கும் ‘ஃபாரின் கீ’ விதியை எழுதிவைத்திருந்தாலும், பழைய நிரல்கள் கெடலாகாது என்பதற்காக அது வழக்கமாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. ‘பிராக்மா ஃபாரின் கீஸ்’ என்பதை ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் ‘ஆன்’ ஆக்க வேண்டும்.

இனி, எந்த ஆங்கில நூலும் நமக்காகச் சொல்லாத இடர். எஸ்க்யூலைட்டுக்குத் தமிழ் நெடுங்கணக்குத் தெரியாது. யூனிகோடு எண்களின் வரிசையையே அது அறியும். ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் கேட்டால் 5 என்னும், நமக்கோ மூன்றெழுத்து. மெய்யின் புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியே எண்ணுவதால் வந்த கணக்கு அது. வரிசையிலும் இதே கதை. அகராதியில் ‘பக்கம்’ முன்னே, ‘பகல்’ பின்னே. எஸ்க்யூலைட்டிலோ ‘பகல்’ முந்திக்கொள்ளும். யூனிகோடில் புள்ளியின் எண் எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் அப்பால் இருக்கிறது. நெடுங்கணக்கில் இறுதியாக நிற்கும் னகரம் அங்கே பகரத்துக்கு முன்பே வந்துவிடுவதால், ‘மனம்’ சென்று ‘மயில்’ முன் நிற்கும்.

தேடுதலிலும் வஞ்சனை உண்டு. ஒகரக் குறி ஒரே எண்ணாகவும் பதியலாம். எகரக் குறியும் காலும் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றே; எஸ்க்யூலைட்டுக்கு இரண்டு. இதை நீக்க, உள்ளே இடுமுன் பைத்தானின் ‘நார்மலைஸ்’ செயலால் எல்லாவற்றையும் ஒரே வடிவாக்கிவிடலாம். ‘கௌரி’ என்பதை ககரத்தோடு எகரக் குறியும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சிடுவோர் பலர். அதை எந்தச் செயலும் திருத்தாது. மனிதக் கண்தான் திருத்த வேண்டும்.

தமிழ் வரிசைக்கு வழி இரண்டு. நம் வரிசைமுறையை ஒரு செயலாக எழுதி எஸ்க்யூலைட்டுக்குக் கற்பிக்கலாம். ஆனால் அந்தச் செயல் இல்லாத வேறு கணிப்பொறியில் கோப்பைத் திறந்து வரிசை கேட்டால், அப்படி ஒரு முறையையே அறியேன் என்று மறுத்துவிடும். சொற்பட்டியல் பல கைகளுக்குப் போகவேண்டியது. ஆகவே இரண்டாம் வழியையே நான் விரும்புகிறேன். சொல்லின் பக்கத்தில் இன்னொரு பத்தி வைத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்குப்படி ஈரிலக்க எண்களை இடுவது: மெய்க்கு ஓர் எண், அதன்மேல் ஏறிய உயிருக்கு ஓர் எண், புள்ளிக்கு 00, அகரத்துக்கு 01. அந்தப் பத்தியால் வரிசைப்படுத்தினால், எக்கணிப்பொறியிலும் பக்கம் பகலுக்கு முன்னே வந்து நிற்கிறது.